ஐந்தாவது இல்லம்

பிப்ரவரி 3

அப்பாவின் கடைக்கு சிமென்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மூட்டைப் படம். ஜனவரி முழுவதும் காலியாகவே விட்டுவிட்டேன். இன்று அறை மாற்றினார்கள், அதனால் இன்றிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் விடுதி வார்டன் குளோரி மிஸ் காலையில் கூப்பிட்டனுப்பினார். "இளவேனில், இனிமே நீ பெனிட்டாகூட இருந்துக்கம்மா. அவ பிசிக்ஸ்ல ரொம்ப வீக். பரீட்சை முடியற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோ" என்றார். நான் வகுப்பில் முதல் மாணவி. குறிஞ்சி இல்லத்தின் தலைவி. இந்த மாதிரிப் பொறுப்பெல்லாம் என்னிடம்தான் வரும். சரி மிஸ் என்றேன்.

பெனிட்டா தூத்துக்குடிப் பெண். அவளுடைய சித்தி இங்கே கான்வென்டில் சிஸ்டர். அதனால்தான் கடலோரத்தை விட்டு இந்த ஏற்காட்டு மலைக்குப் படிக்க வந்தாள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பெயில். அதையும் பன்னிரண்டையும் சேர்த்து இந்த மார்ச்சில் எழுத வேண்டும். நான் பெட்டியோடு நுழைந்தபோது ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள்.

"வாட்டி. எந்தக் கட்டில் வேணும்? சன்னல் பக்கம் பனி வரும். சொவரு பக்கம் மூட்டைப்பூச்சி வரும். ஒனக்கு எது பழக்கம்?"

ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் அன்று நான் மயங்கி விழுந்ததைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் சாப்பிடாமல் போனேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 5

எங்கள் பள்ளியில் நான்கு இல்லங்கள். ஒவ்வொன்றுக்கும் விடுதியில் ஒரு படிப்பறை உண்டு. குறிஞ்சியின் அறையில் ஊதாத் திரை, தேன் நிறத்தில் மேசை விரிப்பு, சுவரில் மலைமுகடுகளின் படம். முல்லைக்காரர்கள் வெள்ளையும் பச்சையும்; ஜன்னல் கம்பியில் உண்மையாகவே ஒரு கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். மருதத்தில் கோரைப்பாய், மண்பானைத் தண்ணீர். நெய்தல் அறை வாசலில் சோழிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் யாரோ தூரத்தில் சிரிப்பதுபோல் இருக்கும். கண்ணை மூடினாலும் எந்த அறை என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன்.

குறிஞ்சி அறையில் இப்போது மலைமுகடுகளின் மேல் ஒரு பெரிய அட்டை ஒட்டியிருக்கிறார்கள். "இளவேனில் 590" என்று தங்க நிற ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறது. பொதுத்தேர்வில் அறுநூறுக்கு நான் எடுக்க வேண்டிய மதிப்பெண். பிள்ளைகள் ஆசையாகச் செய்தது. நன்றி சொன்னேன்.

பெனிட்டாவுக்கு அமைதியான இடம் தேவை. அதனால் இனி அவளோடு வேறெங்காவது உட்கார்ந்து படிக்கலாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரி 6

பெனிட்டா நெய்தல் இல்லம். சாப்பாட்டுக்கூடத்தில் கேட்டாள்: "திணை அஞ்சுன்னுதான படிச்சோம்? இங்க நாலு இல்லந்தான் இருக்கு. பாலை எங்கட்டி?"

"வறண்டு போன நிலத்தோட பேரை யாராவது பள்ளிக்கூடத்துல வைப்பாங்களா?"

அவள் மோரை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, "அப்ப எனக்கு அதுதான்" என்றாள். "பெயிலானவளுக்கு நெய்தல்ல என்ன வேல? நான் பாலை."

சிரித்தேன். பிறகு நாள் முழுக்க அந்தச் சொல் மனதில் மிதந்துகொண்டே இருந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பை இழந்தால் அதுதான் பாலை என்று தமிழ் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். குறிஞ்சியும் ஆகும் என்பது இன்றுதான் உறைத்தது.

பிப்ரவரி 8

மாடியில் பழைய தையல் அறை பூட்டியே கிடந்தது. பெனிட்டாவுக்காக என்று சொல்லி குளோரி மிஸ்ஸிடம் சாவி வாங்கினேன். அவர் வேறெதுவும் கேட்காமல் கொடுத்தது ஆச்சரியம்தான்.

நாலு கால்மிதித் தையல் மெஷின்கள், துணி வெட்டும் நீள மேசை, கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். வெளியே சில்வர் ஓக் மரங்கள். கண்ணாடியைத் துடைத்ததும் அறைக்குள் வெளிச்சம் தயங்கித் தயங்கி வந்தது, புது இடத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி.

அலமாரியில் காக்கித் துணி ஒரு சுருள் இருந்தது. தரையில் விரித்தோம். மணல் போலவே இருந்தது. காய்ந்த புல்லைக் கத்தையாகப் பறித்து வந்து பாட்டிலில் வைத்தோம். பழுத்த இலைகளை நூலில் கோத்து ஜன்னலில் கட்டினோம். பழுப்பு, காவி, வெந்தய மஞ்சள். இவ்வளவு நிறமா காய்ந்த பொருட்களில்?

பெனிட்டா சுண்ணாம்புக் கட்டியால் கதவின் உட்புறம் சட்டம் எழுதினாள்:

பாலை இல்லம். எவ்வளவு முடிச்ச என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கடிகாரம் சுவரைப் பார்த்தபடி இருக்கும். களைத்தவர் படுக்கலாம்.

"தலைவி யாரு?" என்றேன்.

"பாலைக்குத் தலைவி கெடையாது. யாரு முன்னால வாராங்களோ அவங்க கதவத் தொறக்கணும். அவ்வளவுதான்."

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா போன் செய்தார். ராசிபுரத்தில் எங்கள் ஹார்டுவேர் கடையில் விலை எழுதும் கரும்பலகையில் இப்போது 590 என்று எழுதி வைத்திருக்கிறாராம். ஆணி வாங்க வருபவர்கள் எல்லாம் என்ன விலை இது என்று கேட்கிறார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

அம்மா போனை வாங்கி, "தூங்கறியா பாப்பா?" என்றார்.

"நல்லாத் தூங்கறேம்மா."

சீப்பில் கொத்தாக முடி வருகிறது. மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

பிப்ரவரி 12

வேதியியல் செய்முறைத் தேர்வு. நன்றாக முடிந்தது. பிப்பெட் இரண்டு முறை கையிலிருந்து நழுவியது, உடையவில்லை.

பிப்ரவரி 15

பாலையில் காலை நேரம்தான் அழகு. ஏழு மணிக்குப் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மெஷின்களின் மேல் உட்காரும். கொஞ்ச நேரத்துக்கு அறையும் இல்லை, வெளியும் இல்லை. பெனிட்டாவின் குரல் மட்டும் கேட்கும். அவளுக்கு எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் ஏறும்.

"இந்தா பாரு, இதுதான் கம்பிச் சுருள். காந்தம் கிட்ட வருது. சுருளுக்குப் பிடிக்கல. வராத வராதன்னு தள்ளுது. சரின்னு காந்தம் விலகிப் போனா, ஐயோ போவாதன்னு இழுக்குது. எங்க அக்காவும் மச்சானும் மாதிரி."

லென்ஸ் விதியை நான் இரண்டு வருடமாக மனப்பாடமாகச் சொல்லி வருகிறேன். இன்றுதான் அது என்ன சொல்கிறது என்று பார்த்தேன்.

அவள் நீள மேசையில் சுண்ணாம்பால் படம் படமாகப் போடுகிறாள். தப்பானால் உள்ளங்கையால் அழிக்கிறாள். திட்டிக்கொள்வதே இல்லை. அவளைத் தேற்ற வேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை.

நான் காந்தவியல் திருப்புகிறேன். 143-ஆம் பக்கம்.

பிப்ரவரி 17

மழைத் தூறல். பெனிட்டா ஒளியியலின் லென்ஸ் சமன்பாட்டை மூன்றாம் முறையில் சரியாகக் கொண்டுவந்துவிட்டாள். சந்தோஷத்தில் ஒரு மெஷினில் உட்கார்ந்து காற்றையே தைத்தாள். தடதடவென்று அறை முழுக்கச் சத்தம்.

143-ஆம் பக்கம். கொஞ்சம் கடினமான பகுதி.

பிப்ரவரி 20

முல்லை இல்லத்து சுகிர்தா கதவைத் தட்டினாள். "இங்க அழலாமா?" என்றாள். சட்டத்தில் அழக்கூடாது என்று இல்லை. அரை மணி நேரம் காக்கித் துணியில் படுத்து அழுதுவிட்டு, எழுந்து முகம் கழுவி, உயிரியல் படித்துவிட்டுப் போனாள். எவ்வளவு எளிதாக இருக்கிறது சிலருக்கு.

நானும் துணியில் படுத்துப் பார்த்தேன். கூரையின் மரச்சட்டங்களில் இலை நிழல் நீந்தியது. தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. மேலே வரத் தோன்றவில்லை.

143.

பிப்ரவரி 24

இயற்பியல் ரிவிஷன் டெஸ்ட். தலைவலி. சீக்கிரம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25

நேற்று எழுதியது உண்மை இல்லை.

வினாத்தாளை வாங்கினேன். பெயரும் எண்ணும் எழுதினேன். முதல் கேள்வியைப் படித்தேன். எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் தெரியவில்லை. திரும்பப் படித்தேன். என் விரல்கள் பேனாவைப் பிடித்திருப்பதைப் பார்க்க முடிந்தது, அவை யாருடையவோ போல இருந்தன. நெஞ்சு அடித்த சத்தம் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். இருபது நிமிடம் அப்படியே இருந்திருப்பேன். பிறகு எழுந்து வெறும் தாளை மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

அரையாண்டிலும் இதுதான் நடந்தது. அன்று நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். மூன்று இட்லி.

தையல் அறைக்கு வந்து நீள மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூச்சு மேலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததே. கதவு திறந்து, பெனிட்டாவின் கால்கள் வந்தன. அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தவழ்ந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை தலையில் இடித்தது அவளுக்கு.

"மூச்ச உள்ள இழுக்காதட்டி. மொதல்ல வெளிய விடு. வெளிய விட்டா உள்ள தானா வரும்."

விட்டேன். வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ்கிட்ட சொல்லிடாத" என்றேன். "நான்தான் உன்னைப் பாத்துக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. இப்படின்னு தெரிஞ்சா..."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "எங்கிட்டயும் அதத்தான் சொன்னாவ. இளவேனில் சரியாச் சாப்பிட மாட்டேங்கா, தூங்க மாட்டேங்கா, நீ கொஞ்சம் பாத்துக்கோன்னு."

"எப்போ?"

"நீ பொட்டி தூக்கிட்டு வந்தியே, அதுக்கு மொத நாளு."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. மூன்று வாரமாக நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! காலையில் என் தட்டில் இரண்டாவது தோசையை அவள் தெரியாமல் போடுவதும், நான் பக்கத்தைத் திருப்பாமல் இருக்கும்போதெல்லாம் சத்தமாகக் கதை சொல்ல ஆரம்பிப்பதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"பெயிலானப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். இவ்வளவு நாளில் கேட்டதே இல்லை.

யோசித்தாள். "ரிசல்ட் வந்த அன்னைக்கு ஒலகமே முடிஞ்சுட்டுன்னு கெடந்தேன். மறுநாள் காலைல எந்திச்சுப் பாத்தா எங்கம்மா எப்பவும்போல மீன் வாங்கப் போயிட்டா. சாள மீனு. எனக்கு ரெண்டு துண்டு கூட வச்சா. எனக்கு அது ரொம்ப அதிசயமா இருந்துச்சு. ஏட்டி, ஒண்ணுமே நிக்கலியே, மீன்காரன்கூட வந்துட்டானேன்னு."

மேசைக்கு அடியிலேயே இருவரும் சிரித்தோம். நான் சிரித்ததும் அழுததும் ஒன்றாகவே இருந்தது.

பிப்ரவரி 27

குளோரி மிஸ்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைச் சேலத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அம்மா மெதுவாகப் பேசுகிறவர். "இது நெறைய பேருக்கு வருதும்மா. வந்தா பத்து நிமிஷத்துல தானா எறங்கும். அதோட சண்டை போடாத" என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் நன்றாகத் தூங்கிப்போனேன்.

மார்ச் 1

பாலையில் மாதிரித் தேர்வு. பெனிட்டா காக்கித் துணியைச் சீருடை மேலேயே புடவை மாதிரி சுற்றிக்கொண்டு கண்காணிப்பாளராக வந்தாள்.

"பிட்டு கிட்டு வச்சிருந்தா இப்பவே குடுத்துருங்க. சோதன போட்டு நான் எடுத்தேன்னா நானே பாத்து எழுதிருவேன்."

இன்றைக்கு வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்வது மட்டும்தான். எழுதக் கூடாது. பத்து நிமிடம். முதலில் உள்ளங்கை வியர்த்தது. பிறகு ஜன்னலில் கட்டிய இலை ஒன்று திரும்பித் திரும்பி வெளிச்சம் காட்டுவதைப் பார்த்தேன். பிறகு முதல் கேள்வியைப் பார்த்தேன். விடை தெரிந்திருந்தது. வெளியே மேகம் நகர்வது போல அது தானாக வந்தது.

மார்ச் 2, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, 590 வராது."

"எவ்வளவு கொறையும்?"

"அது தெரியாதுப்பா. பரிட்சைல கை நின்னுடுது. ரெண்டு தடவை வெறும் பேப்பர் குடுத்துட்டேன். ரொம்பப் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் கடையில் யாரோ அரை இன்ச் பைப் கேட்டார்கள். அப்பா "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 3

காலை பத்து மணிக்கு அப்பா வந்து நிற்கிறார். முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். மலைக் குளிருக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளாமல், கடைக்குப் போடும் அதே அரைக்கைச் சட்டையில். குளோரி மிஸ் அனுமதி கொடுத்தார். எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் பாலைக்குக் கூட்டிப் போனேன்.

அப்பா பெரிய குரல்காரர். அந்த அறைக்குள் நுழைந்ததும் குரலைத் தேடினார் போல, கிடைக்கவில்லை. இலைத் தோரணத்தைப் பார்த்தார். கதவில் எழுதியிருந்த சட்டத்தை விரல் வைத்துப் படித்தார். அதை எழுதிய தூத்துக்குடிப் பெண் பெனிட்டாவைப் பற்றிச் சொன்னேன். தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இங்கதான் படிக்கறயா?"

"ஆமாப்பா."

"நல்லா இருக்குது."

பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனார். கொக்கி தளர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து முறுக்கினார். அடுத்த ஜன்னலையும் பார்த்தார். மெஷின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம் அந்த அறையில் தளர்ந்திருந்த எல்லாவற்றையும் முறுக்கினார். நான் காந்தவியலைத் திறந்தேன். 143, 144, 145. அப்பாவின் ஸ்க்ரூடிரைவர் கிறீச்சிடும் சத்தத்தில் பன்னிரண்டு பக்கம் போனது.

பஸ் ஏறும்போதுதான் சொன்னார்: "கடையில எழுதிப் போட்டிருந்தத அழிச்சுட்டு வந்தேன் பாப்பா. நான் சும்மா ஒரு சந்தோசத்துல எழுதுனது. உனக்குப் பாரமா இருக்கும்னு தோணவே இல்ல."

பஸ் வளைவில் மறையும்வரை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடியே போனார். குளிருமே என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10

தமிழ்த் தேர்வு. கை நிற்கவில்லை. வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

மார்ச் 14

ஆங்கிலம். சுமார்தான். பெனிட்டா கடிதம் எழுதும் கேள்வியில் முகவரி எழுதி, தூத்துக்குடி என்று போட்டதும் வீட்டு நினைப்பு வந்து ஐந்து நிமிடம் சும்மா இருந்தாளாம்.

மார்ச் 21

இயற்பியல்.

பத்து ஐம்பதுக்கு வந்தது. ஒரு மதிப்பெண் கேள்விகள் முடிந்து இரண்டாம் பகுதியில் இருந்தேன். மெதுவாகத் தண்ணீர் ஏறுவதுபோல விரல் நுனியில் தொடங்கி மேலே வந்தது. எழுத்துகள் கலைந்தன.

பேனாவை மூடி வைத்தேன். மூச்சை வெளியே விட்டேன். கை தூக்கித் தண்ணீர் கேட்டேன். கண்காணிப்பாளர் புடவையில் குட்டிக் குட்டி மயில்கள் இருந்தன. எண்ணினேன். இருபத்திரண்டு வரை வந்தபோது அவர் நகர்ந்துவிட்டார். வெளியே யாரோ உலர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சரக், சரக். அந்தச் சத்தத்தில் எனக்கு அவசரமே இல்லாமல் இருந்தது. உலகத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, அந்த இலைகள் ஓரிடத்தில் சேர்வதைக் கேட்பது தவிர.

பிறகு கேள்வி எனக்குப் புரியும் மொழிக்குத் திரும்பி வந்தது. பேனாவைத் திறந்தேன்.

கால் மணி நேரம் போயிருந்தது. ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியை விட்டுவிட்டேன். தெரிந்த கேள்விதான். மணி அடித்தபோது அதன் எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். தாளைக் கட்டி நானே கொடுத்தேன்.

மார்ச் 28

எல்லாம் முடிந்தது. பெனிட்டா பதினொன்றாம் வகுப்புத் தாளையும் எழுதிவிட்டாள். நாளை அவள் ரயிலுக்கு, நான் பஸ்ஸுக்கு. பேசிக்கொள்ள நிறைய இருப்பதுபோல் இருந்தது, அதனால் பேசாமல் பெட்டி கட்டினோம்.

மே 9

ராசிபுரம். வெயில் இப்போதே கொதிக்கிறது.

காலையில் முடிவு வந்தது. என் மதிப்பெண் 541. இயற்பியலில்தான் குறைவு. இரண்டு முறை பார்த்துவிட்டு, பெனிட்டாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதில்தான் ஓர் இலக்கத்தைத் தப்பாக அழுத்தி மறுபடி போட்டேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு ஓடினேன். அப்பா பி.வி.சி. பைப்பை அளந்துகொண்டிருந்தார். கடையில் ஆறேழு பேர். எல்லோருக்கும் இன்று ரிசல்ட் என்று தெரியும். அளவு நாடா கையில் நின்றுவிட்டது.

"541 ப்பா."

அப்பா தலையாட்டினார். அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது போல உதடு அசைந்தது. பிறகு கேட்டார்:

"அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு?"

"பாஸ்ப்பா. ரெண்டு பிசிக்ஸும் பாஸ்."

அப்பா அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டார். கடை முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெரிய குரல் வந்தது: "ஏங்க, பெனிட்டா பாஸாயிட்டா!"

பைப் வாங்க வந்தவருக்குப் பெனிட்டா யார் என்று தெரியாது. பெயிண்ட் வாங்க வந்தவருக்கும் தெரியாது. ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள். அப்பா பக்கத்துக் கடையிலிருந்து ஜிலேபி வரவழைத்தார். யாரென்றே தெரியாத ஒரு பெண் ஜெயித்ததற்காக, கையெல்லாம் சிமென்ட் தூசியோடு எல்லோரும் நின்று தின்றார்கள்.